மேல்மாடி அறையைப் பூட்டி வைக்காதீர்கள்

பிராங்பேர்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



உங்களில் பலருடைய மூத்த பிள்ளைகள் படிப்பை முடித்துக்கொண்டு பேர்லினுக்கோ லண்டனுக்கோ போய்விட்டார்கள். கல்யாணம் கட்டியவர்கள் தனிவீடு பார்த்துவிட்டார்கள். அவர்கள் படுத்த கட்டிலும் படித்த மேசையும் அப்படியே இருக்கின்றன. கதவு மட்டும் பூட்டியிருக்கிறது. நத்தாருக்கு வருவார்கள், அப்போது தேவைப்படும் என்று சொல்லிக்கொள்கிறோம். வருடத்தில் மிச்ச நாட்கள் முழுவதும் அந்த அறை சும்மா கிடக்கிறது.

அதை ஒரு மாணவருக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் என்று கேட்கவில்லை, எந்த நாட்டுப் பிள்ளைக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன். கொடுக்கும்போது எழுத்தில், முறைப்படி, அவர்களுடைய உரிமை குறையாமல் கொடுங்கள் என்றும் கேட்கிறேன். இந்த இரண்டாவது வேண்டுகோள்தான் எனக்கு முக்கியம். நல்ல மனதோடு அறை கொடுக்கிறவர்கள்கூடத் தவறவிடுவது அதைத்தான்.

நாங்கள் பிராங்பேர்ட்டின் ஹோக்ஸ்ட் பகுதியில் ஒரு பழைய மூன்றுமாடி வீட்டில் இருக்கிறோம். கீழே நாங்கள், நடுவில் கணவரின் தம்பி குடும்பம், மேல்மாடி அறைகளில் மாணவர்கள். குசினி ஒன்றுதான், எல்லாருக்கும் பொது. கமரூன், வியட்நாம், மொரோக்கோ, கொலம்பியா, உக்ரைன், கோயம்புத்தூர், கண்டி என்று பல இடத்துப் பிள்ளைகள் இந்த வீட்டில் இருந்து படித்துப் போயிருக்கிறார்கள். எங்கள் கடைசி மகள் பிறந்ததிலிருந்து இந்த வீட்டை இப்படித்தான் கண்டிருக்கிறாள்.

முதலில் காசுக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களில் பலர் 1980களின் வாடகையை மனதில் வைத்துக்கொண்டு கதைக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர், செலவுக்குப் பணம் உண்டு என்று காட்ட, பெரும்பாலும் முடக்கிய வங்கிக் கணக்கொன்றில் ஒரு வருடத்துப் பணத்தை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். பிராங்பேர்ட்டில் பகிர்வு வீடொன்றில் ஓர் அறையின் சராசரி வாடகை 650 யூரோவைத் தாண்டிவிட்டது. மிச்சம் 342. மருத்துவக் காப்புறுதிக்கு 140க்கு மேல் போகும். சாப்பாடு, தொலைபேசி, புத்தகம், பனிக்காலச் சப்பாத்து எல்லாம் மீதி 200 யூரோவுக்குள். ஊரில் அப்பா வங்கியில் கடன் எடுத்து அனுப்பியிருப்பார். அந்தக் கடனின் வட்டியும் இந்தப் பிள்ளையின் தலையில்தான். 2022-23 குளிர்காலப் பருவத்தில் சீன மாணவர்களை முந்தி, யேர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவரில் இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். அடுத்த வருடம் அவர்களின் எண்ணிக்கை 49,000ஐக் கடந்தது. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை ட்ராமிலும் தமிழ்க் கடையிலும் நீங்களே தினமும் காண்கிறீர்கள்.

வேலை செய்து சமாளிக்கலாமே என்பீர்கள். செய்யலாம். 2024 மார்ச்சிலிருந்து வருடத்தில் 140 முழு நாட்கள், அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வேலைக்குப் போனால் முதலாளி வரி எண் கேட்பார். வரி எண் தபாலில் வரும். தபால் வர விலாசம் வேண்டும். விலாசத்தைப் பதிய, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

வந்து இறங்கும் பிள்ளைகள் பலர் சிக்குவது இந்த இடத்தில்தான். குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது விலாசப் பதிவு, செய்ய வேண்டும் என்பது சட்டம். 2015 நவம்பரிலிருந்து, வீடு கொடுப்பவர் அதற்கான உறுதிக் கடிதத்தை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அது அவருடைய கடமை, செய்யும் உபகாரம் கிடையாது. ஆனால் இந்த நகரத்தில் எத்தனை அறைகள் ‘அன்மெல்டுங் கிடையாது’ என்ற நிபந்தனையோடு கை மாறுகின்றன! கோயம்புத்தூர்ப் பெடியன் எங்களிடம் வருவதற்கு முன் அப்படியொரு இடத்தில் இருந்தான். கதவில் அவன் பெயர் இல்லை, தபால் பெட்டியிலும் இல்லை. விசா நீட்டிப்புக்காக அலுவலகம் அனுப்பிய கடிதம் அவன் கைக்கு வரவே இல்லை. மூன்று பேர் படுக்கும் அறைக்கு மாதாமாதம் கையில் காசு கொடுத்தான், பற்றுச்சீட்டு கிடையாது. முறையிடப் போனால் முதலில் வெளியே நிற்க வேண்டியவன் அவன்தான் என்று அவனுக்குத் தெரியும். அதனால் முறையிடவில்லை.

அந்த அறையைக் கொடுத்தவர் யார் என்பதை நான் எழுதப் போவதில்லை. ஆனால் எங்கள் ஆட்களும் இதைச் செய்கிறார்கள் என்பதை எழுதாமல் விட முடியாது. வரிக் கணக்கில் காட்ட வேண்டிவரும் என்ற பயம், சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கவில்லை என்ற பயம், சமூக உதவிப் பணம் குறையும் என்ற பயம். காரணங்கள் விளங்குகின்றன. ஆனால் அந்தப் பயத்தின் விலையை ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளை கட்டுகிறது.

விலாசம் இல்லாமல் இருப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983க்குப் பிறகு கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எல்லை கடந்து, பிறகு அங்குமிங்குமாகச் சிதறடிக்கப்பட்டவர்கள் நாங்கள். ஹைம் என்ற அகதி விடுதியில் ஒரு அறைக்குள் அடுக்குக் கட்டில்களில் படுத்தோம். மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் கேட்டார்கள். வேலை செய்ய விடவில்லை. அன்று யாராவது ஒருவர் தன் வீட்டின் ஒரு அறையைத் திறந்து, இது உன் திறப்பு, தபால் பெட்டியில் உன் பெயரை ஒட்டு என்று சொல்லியிருந்தால் எங்களில் எத்தனை பேருடைய வாழ்க்கை பத்து வருடம் முந்தித் தொடங்கியிருக்கும்!

அதற்கும் முந்தி, ஊரிலே, வீட்டில் படிக்கிற பிள்ளைகளை வைத்திருப்பது எங்களுக்குப் பழக்கம். தீவுப்பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் யாழ்ப்பாண நகரப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தவர்கள் உறவினர் வீடுகளில் தங்கினார்கள். கொழும்பில் வேலை தேடிப் போனவர்களுக்கு வெள்ளவத்தையில் போடிங் இருந்தது. 1974இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது சிங்கள மாணவர்களும் படிக்க வந்தார்கள். 1977 இனக்கலவரத்தோடு அவர்கள் தெற்கே போய்விட்டார்கள். இதைப் பற்றிக் கீழே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிராங்பேர்ட்டுக்கும் இது புதிய கதை இல்லை. வங்கிக் கட்டடங்களுக்கு அருகே வெஸ்ட்எண்டில் நடக்கும்போது, கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே பழைய வீடுகள் சில மிஞ்சி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1960களின் கடைசியில் அந்த வீடுகளை வாங்கியவர்கள், இடித்து அலுவலகம் கட்ட அனுமதி வரும்வரை, இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்களை அறைக்கு அறை அடைத்து அதிக வாடகை வாங்கினார்கள். இல்லாவிட்டால் வெறுமையாகப் போட்டு வைத்தார்கள். 1970 செப்டெம்பர் 19ஆம் திகதி, எப்ஸ்டைனர் தெரு 47ஆம் இலக்க வீட்டுக்குள் மாணவர்களும், பிள்ளைகுட்டிக்காரரும், வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்து நுழைந்து குடியேறினார்கள். சும்மா கிடந்த வீடு அது. அதன் பிறகு நாலைந்து வருடம் இந்த நகரத்தில் வீட்டுக்காகப் பெரிய போராட்டம் நடந்தது. பொலிஸ் அடித்து வெளியேற்றிய வீடுகளும் உண்டு, இன்றும் நிற்கும் வீடுகளும் உண்டு. அந்த ஆண்டுகளில் நோர்ட்எண்டில் இப்படிப் பகிர்வு வீடொன்றில் ஒன்றாக இருந்த இரண்டு பேரில் யோஷ்கா ஃபிஷர் 1998இல் வெளிநாட்டு அமைச்சரானார். டேனியல் கோன்-பெண்டிட் 1989இல் பிராங்பேர்ட் நகரசபை பல்பண்பாட்டு விவகாரங்களுக்கென்று ஒரு அலுவலகம் தொடங்கியபோது அதன் முதல் பொறுப்பாளரானார். மாணவரும் குடும்பமும் பிறநாட்டவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பதை இந்த நகரம் சண்டை போட்டுக் கற்றது. எங்களிடம் இப்போது வீடு இருக்கிறது. நாங்கள் சண்டை போட வேண்டியதில்லை, கதவைத் திறந்தால் போதும்.

விடுதி இருக்கிறதே, வீடு எதற்கு என்று ஒருவர் கோயிலில் என்னைக் கேட்டார். அவருக்கு ராமானுஜனைப் பற்றிச் சொன்னேன். 1914 ஏப்ரலில் இலண்டனில் வந்து இறங்கிய கணிதமேதை ராமானுஜன், முதல் சில வாரங்கள் கேம்பிரிட்ஜில் நெவில் என்ற கணிதவியலாளரின் வீட்டில், அவரோடும் அவர் மனைவியோடும் இருந்தார். பிறகு டிரினிட்டி கல்லூரி அறைக்குப் போனார். அவரோடு சேர்ந்து வேலை செய்த ஹார்டியின் அறைக்குப் பக்கம் என்பதால் வேலைக்கு அது வசதி. அங்கே அவரைப் பார்க்க வந்த நண்பர் மகலனோபிஸ், இரவில் மேலங்கியையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு குளிரில் படுக்கிறார் என்று அறிந்தார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் போதுமான அளவு இருக்கின்றன. ஆனால் மெத்தையின் ஓரங்களில் செருகி விரித்தபடி. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு ஒருவரும் காட்டவில்லை. ராயல் சொசைட்டி தேடி வந்து உறுப்பினராக்கப் போகும் ஒரு மனிதர், கம்பளிகளின் மேலே படுத்து நடுங்கியிருக்கிறார்.

எங்கள் மேல்மாடியில் அப்படி ஒன்றும் நடக்காது என்று என்னால் சொல்ல முடியும். யாராவது பார்ப்பார்கள். வியட்நாமியப் பிள்ளை முதல் பனிக்காலத்தில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹைட்சுங் என்ற சூடாக்கியை முழுதாகத் திருகி விட்டிருந்ததைப் பார்த்தது எங்கள் நடு மகன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. காலையில் ஐந்து நிமிடம் யன்னலை அகலத் திறந்து மூடிவிட வேண்டும், அப்போதுதான் சுவரில் பூஞ்சணம் பிடிக்காது என்று அந்தப் பொறியியல் மாணவிக்கு அவன்தான் டொச் மொழியில் வகுப்பெடுத்தான். உள்நாட்டு மொழியில் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் தான் இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவனை எப்போதும் வெளிநாட்டுப் பிள்ளையாகத்தான் பார்த்தார்கள்.

குசினியைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் வருகிற பிரச்சினைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கும், அங்கேதான் தீரும். ரோமர்ஷ்டட்டில் கட்டடக்கலைஞர் எர்ன்ஸ்ட் மே கட்டிய குடியிருப்பில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் ஒரு வீடு இருக்கிறது. போகாதவர்கள் போய்ப் பாருங்கள். 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் வடிவமைத்த ‘பிராங்பேர்ட் குசினி’யை அங்கே காணலாம். அகலம் இரண்டு மீற்றர்கூட இல்லை, நீளம் மூன்றரை மீற்றர். ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள் என்று நேரம் பிடித்து அளந்து, இரயில் உணவுப்பெட்டியின் குசினியை மனதில் வைத்துச் செய்தார். மாவுக்கு ஓக் மர இழுப்பறை, புழு வராது. அரிசி, பருப்பு, சீனிக்குப் பெயர் எழுதிய அலுமினிய அறைகள். உட்கார்ந்தபடியே வெட்டச் சுழல் கதிரை. சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்று உலகம் முழுக்கப் பொருத்துகிற குசினிக்கு அதுதான் தாய். வேலைக்குப் போகும் பெண்ணின் பாரத்தைக் குறைக்க நினைத்த பெரிய மனது அது. ஆனால் அதற்குள் ஒருவர்தான் நிற்கலாம். அம்மா சமைக்கும்போது மகள் உள்ளே வர இடமில்லை, கணவர் வந்து உதவவும் இடமில்லை. இந்த நகரத்து வாடகை வீடுகள் பலவற்றில் இப்போதும் அப்படித்தான் குசினி இருக்கிறது.

ஐந்து நாட்டார் சமைக்கும் வீட்டுக்கு வேறு வகைக் குசினி வேண்டும். நாங்கள் சாப்பாட்டு அறைச் சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கினோம். எல்லாருக்கும் அது முடியாது; நடுவில் ஒரு பெரிய மேசை போட முடிந்தால் போதும். சுவரை இடித்ததைவிட மேசை போட்டதுதான் பலன் தந்தது. மொரோக்கோப் பிள்ளை நோன்பு காலத்தில் பொழுதுபடும்போது சூப்பும் பேரீச்சம்பழமும் வைப்பான். என் மகள்கள் அந்த நேரத்துக்குக் குசினிக்கு வந்துவிடுவார்கள். கமரூன்காரி நிலக்கடலை அரைத்து வைக்கும் குழம்பில் எங்கள் மிளகாய்த்தூளைப் போட்டுப் பார்த்தாள், அதை இப்போது நாங்களும் வைக்கிறோம். கருவாடு பொரிக்கும் நாளை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுவோம். பன்றி இறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் தனித்தனிச் சட்டி, தனித்தனிப் பலகை. பிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, கீழ்த்தட்டு பொது. ஞாயிறு மத்தியானம் மட்டும் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம், முறை வைத்துச் சமைப்போம். மற்ற நாட்களில் யாரையும் வற்புறுத்துவதில்லை. வந்து சாப்பிடு, வந்து சாப்பிடு என்று அறைக் கதவைத் தட்டுவது அன்பு என்று நினைக்கிறோம். பரீட்சைக் காலத்தில் அந்தப் பிள்ளைக்கு அது ஒரு பாரம்.

எங்கள் சமையலின் மணம் பக்கத்து வீட்டுக்குப் பிடிக்காமல் போகலாம். இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம், குப்பையை மாற்றிப் போடுவது, சைக்கிளைப் படியில் விடுவது, இவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டார் முதலில் வந்து கேட்பது எங்களைத்தான். மஞ்சள் தொட்டியில் எது, மண்ணிறத் தொட்டியில் எது என்று படம் வரைந்து ஒட்டுங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இனி, நான் சொல்ல விரும்பிய விடயத்துக்கு வருகிறேன்.

‘எங்கட பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம்.’ மாணவருக்கு அறை கொடுத்த எங்கள் வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காமல் வர முடியாது. சொல்கிறவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளை மாதிரி என்பதால் ஒப்பந்தம் எழுதவில்லை. பிள்ளை மாதிரி என்பதால் நேற்று இரவு எங்கே போனாய், அந்தப் பெடியன் யார் என்று கேட்கிறோம். ஊரில் இருக்கும் தாய்க்குப் போன் போட்டுச் சொல்கிறோம். பிள்ளை மாதிரி என்பதால் சனிக்கிழமை எங்கள் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம், சாமத்தியவீட்டுக்கு இருநூறு பேருக்குச் சமைக்கும்போது வெங்காயம் உரிக்கக் கூப்பிடுகிறோம். வாடகை மட்டும் முழுதாக வாங்குகிறோம். உண்மையான மகள் என்றால் ‘ஏலாது அம்மா’ என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்துவாள். இந்தப் பிள்ளை கத்த முடியாது. விலாசம் எங்கள் கையில் இருக்கிறது.

உறவு முறை சொல்லிக் கூப்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நான் அன்ரிதான். ஆனால் அன்ரிக்கும் அவர்களுக்கும் இடையில் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கிறது. அறை எத்தனை சதுர மீற்றர், வாடகை எவ்வளவு, சூடாக்கும் செலவும் தண்ணீரும் மின்சாரமும் அதற்குள் எவ்வளவு, எதெது பொது, யார் எப்போது துப்புரவு செய்வது, வெளியேற எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், எல்லாம் அதில் உண்டு. நாங்கள் இருக்கும் வீட்டுக்குள்ளேயே தளபாடத்தோடு ஓர் அறையை ஒருவருக்குக் கொடுத்தால், மாதம் பதினைந்தாம் திகதிக்குள் சொல்லி அந்த மாதக் கடைசியிலேயே வெளியேறச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும் இடம் இது. இரண்டு வாரத்தில் பிராங்பேர்ட்டில் இன்னோர் அறை கிடைக்குமா? கிடைக்காது. அதனால் எங்கள் தாளில் மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறோம். நீங்களும் எழுதலாம்.

உதவி வேண்டுமென்றால் அதற்கும் முறையொன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. பக்கத்து டார்ம்ஸ்டாட்டில் 1990களின் தொடக்கத்தில் தொடங்கி மற்ற நகரங்களுக்கும் பரவிய ‘உதவிக்கு வீடு’ திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயதானவர்கள், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகள் தங்கள் வீட்டில் மாணவருக்கு அறை கொடுப்பார்கள். வாடகைக்குப் பதிலாக, ஒரு சதுர மீற்றருக்கு மாதம் ஒரு மணி நேர உதவி. 12 சதுர மீற்றர் அறை என்றால் மாதம் 12 மணி நேரம். மின்சாரம், சூடாக்கும் செலவை மாணவர் தனியாகக் கொடுப்பார். நோயாளியைக் கழுவித் துடைத்துப் பராமரிக்கும் வேலை அதில் சேராது. இந்த அளவை எங்கள் வீட்டு நடப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழு வாடகையும் வாங்கிக்கொண்டு வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னால் அந்த மாணவிக்கு நாங்கள் கடன்காரர்.

ஊர் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளையோ யாழ்ப்பாணப் பிள்ளையோ அறை பார்க்க வந்தால் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று நாலு கேள்வி கேட்பார்கள். எதைத் தேடிக் கேட்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். பதில் பிடிக்காவிட்டால் அறைக்கு ஆள் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்புவார்கள். கறுப்பு நிறத்தவர் என்றால் போனிலேயே முடித்துவிடுவார்கள். எங்கள் பெயரைப் பார்த்து வீடு தரமாட்டோம் என்று சொன்னவர்களின் கதவுகளில் நாங்கள் எத்தனை வருடம் நின்றோம்! அதையே எங்கள் கதவில் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. அறைக்கு யார் வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். புகை பிடிக்காதவர், அமைதியானவர், இரண்டு வருடமாவது இருக்கக்கூடியவர். இவை போதாதா?

கண்டியிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைக்கு நாங்கள் அறை கொடுத்தபோது, சில வீடுகளில் எங்களோடு கதைப்பதை நிறுத்தினார்கள். அவர்களின் கோபத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அந்த வீடுகளில் ஆட்கள் திரும்பி வரவே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். போரில் இறந்தோரை நினைவுகூரும் மே 18இல் நாங்கள் விளக்கு வைப்போம், கஞ்சி காய்ச்சுவோம். முதல் வருடம் அவள் அன்று காலையே நூலகத்துக்குப் போய் இரவு திரும்பினாள். அடுத்த வருடம் குசினியில் வந்து நின்று, எதற்காக இந்தக் கஞ்சி என்று கேட்டாள். கணவர் எல்லாவற்றையும் சொன்னார், குரலை உயர்த்தாமல், எதையும் குறைக்காமல். அவளுக்கு அதில் பாதி புதிது. மிச்சப் பாதியை அவளுக்கு வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்கள். அவள் மறுத்துக் கதைத்த இடங்களும் இருந்தன. மேசையை விட்டு யாரும் எழும்பவில்லை. அதனால் இரண்டு இனமும் சேர்ந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். எங்கள் பிள்ளைகள் அந்த உரையாடலைக் கேட்டார்கள். அது எங்கள் வீட்டுக்குள், எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. 1977இல் வளாகத்தை விட்டுப் போன மாணவர்களோடு நடக்காமல் போன கதை அது என்று கணவர் சொன்னார்.

பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்நிய ஆட்களை எப்படி வைப்பது? இதை என்னிடம் கேட்காத தாய் இல்லை. நியாயமான கேள்வி. எங்கள் மாடிக்கும் மாணவர் மாடிக்கும் இடையில் பூட்டுள்ள கதவு உண்டு. எங்கள் பிள்ளைகளின் அறைக்கு மாணவர் போவதில்லை, மாணவர் அறைக்குப் பிள்ளைகள் போவதில்லை. சந்திப்பது குசினியில், தோட்டத்தில். இது எல்லாருக்கும், ஆண் பெண் பேதமில்லாமல். அறை கொடுக்குமுன் முழு வீட்டாரும் அவரோடு இருந்து தேநீர் குடிப்போம், பிள்ளைகளுக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வோம். உங்கள் பிள்ளைக்குத் தன் கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறை இல்லாவிட்டால், மாணவருக்கு அறை கொடுக்காதீர்கள். வாடகைக்காகப் பிள்ளைகளை ஒரு அறைக்குள் நெருக்குவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன்.

சில நடைமுறைகள். நீங்களே வாடகைக்கு இருப்பவர் என்றால் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் போய்விட்டார்கள், ஓர் அறையை மட்டும் கொடுக்கிறோம் என்றால் அவர் காரணமில்லாமல் மறுக்க முடியாது. முற்பணம், சூடாக்கும் செலவு போன்றவை சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, அதையும் மூன்று தவணையில் கட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. வானொலிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். ஒரே வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் கட்டத் தேவையில்லை. வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டுங்கள், வீட்டுச் செலவில் அந்த அறைக்குரிய பங்கைக் கழிக்கலாம். வாடகையைச் சந்தை விலையில் வைக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

கோதே பல்கலைக்கழகத்தில் குளிர்காலப் பருவம் ஒக்டோபர் 1இல் தொடங்குகிறது. செப்டெம்பர் கடைசியில் பிள்ளைகள் பெட்டியோடு பிரதான இரயில் நிலையத்தில் இறங்குவார்கள். விடுதிகளில் நீண்ட காத்திருப்புப் பட்டியல். வெளிநாட்டில் இருக்கிறேன், முற்பணத்தை அனுப்பு, திறப்பைத் தபாலில் அனுப்புகிறேன் என்று எழுதி ஏமாற்றுகிறவர்களும் அந்த வாரங்களில்தான் அதிகம். ஓகஸ்டிலேயே அறையைத் துப்புரவாக்கி, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அறிவித்தால் நேரத்துக்கு ஆள் வரும். கட்டில், மேசை, கதிரை, அலுமாரி, நல்ல விளக்கு, தடித்த போர்வை. அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

எங்கள் ஒப்பந்தத் தாளைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஹோக்ஸ்ட்டுக்கு வாருங்கள். ஞாயிறு மத்தியானம் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். இப்படி இருப்பது எப்படி என்று மாணவர்களிடமே கேளுங்கள். நான் பக்கத்தில் நிற்காத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி